கஞ்சியால் ஒட்டிய சுவர்கள்

கைகளுக்கு ஓய்வு கொடுத்தால் கைகள் திரும்பி வந்துவிடும் என்றுதான் அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். முப்பத்தைந்து ஆண்டுகள் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்த மனிதர் என் கணவர். குழியின் ஈரம் எலும்பில் ஏறி, எலும்பிலிருந்து விரலுக்கு வந்திருக்கிறது. குழியை விட்டு எழுந்து ஆறு மாதம் வெயிலில் நடமாடினால் இறங்கிவிடும். அவருடைய அண்ணன் அப்படிச் சொன்னார். எண்ணெய் காய்ச்சித் தந்த வைத்தியரும் சொன்னார். படித்தவள் என்று பெயர் வாங்கிய நானும் தலையாட்டினேன்.

அந்த நம்பிக்கையை நினைக்கும்போதெல்லாம் ஒரு காட்சி கூடவே வருகிறது. ஓரிக்கையில், பாலாற்றுக்கு இறங்கும் பாதையில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. நடுவில் நீண்ட மேசை. மேசையின்மேல் கோணித்துணி, துணியின்மேல் ஈரக் களிமண். மண்ணின் இரு பக்கமும் ஒரே கனமுள்ள இரண்டு மரச் சட்டங்கள். என் கணவர் சண்முகம் நின்றபடி உருளையை முன்னும் பின்னும் தள்ளுகிறார். உருளை சட்டத்தைத் தொடும்வரை மண் இறங்குகிறது. தொட்டதும் நின்றுவிடுகிறது. அதற்குமேல் ஓர் இழை அளவுகூட மெலியாது.

"நிக்குது பாத்தியா?" என்று என் பக்கம் திரும்பினார். "என் கை ஆடினாலும் கட்ட ஆடாது."

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தண்ணீர்க் குழாயும் தறிமரமும்

கொட்டகை எஸ்தருடையது. நான் வேலை பார்த்த கிளை நூலகத்தைப் பற்றி இந்தத் தொடரில் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். அங்கே பள்ளிச் சீருடையோடு வந்து, மூடும் நேரம் வரை கடைசி மேசையில் உட்கார்ந்து படித்த பெண்களில் எஸ்தரும் ஒருத்தி. அவளுடைய அப்பா ஆற்றோரச் சூளைகளில் செங்கல் அறுத்தவர். அவள் வெளியூரில் மண்பாண்டக் கலை படித்துத் திரும்பி, ஊரிலேயே பட்டறை போட்டாள். அவளிடம் சக்கரம் கிடையாது. மண்ணைப் பலகை பலகையாக உருட்டி, கத்தியால் அளவாக வெட்டி, சுவர் எழுப்புவதுபோல் ஒட்டிச் செடித்தொட்டிகளும் வீட்டுப் பெயர்ப் பலகைகளும் செய்வாள்.

விரல்களுக்குப் பயிற்சியாகக் களிமண் பிசையட்டும் என்று ஒரு மருத்துவர் சொன்னதால்தான் அவரை அங்கே அழைத்துப்போனேன். முதல் நாளே வம்பு.

"இது இன்னா டீச்சர், தண்ணி பைப்பு?"

"உருட்டறதுக்கு ஐயா. பிவிசி. மண்ணு ஒட்டாது."

"கக்கூஸ் பைப்புல மண்ண உருட்டறதா? நல்லாத்தான் இருக்குது உங்க படிப்பு."

"ஐயோ, புது பைப்புதான் ஐயா! மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க."

தன்னைவிட இருபத்தைந்து வயது இளையவளை 'டீச்சர்' என்று அவர் கூப்பிட்டது முதலில் கிண்டலுக்குத்தான். ஒரு மாதத்தில் கிண்டல் போய்விட்டது, டீச்சர் மட்டும் தங்கியது.

மறு வாரம் ஆட்டோவில் ஏறும்போது அவர் மடியில் துணி சுற்றிய ஒரு கட்டை இருந்தது. எங்கள் தறியில் நெய்த சேலையைச் சுருட்டும் மரம். தச்சரை வரவழைத்து முழ நீளத்துக்கு அறுத்து வாங்கியிருந்தார். எத்தனையோ சேலைகள் சுற்றிச் சுற்றி வழவழப்பேறிய மரம் அது. களிமண் அதில் ஒட்டவே இல்லை. எஸ்தர் வியந்தாள். நான் வியக்கவில்லை. அந்த மரத்தை அறுத்துவிட்டவர் மறுபடி தறியில் உட்காரும் எண்ணத்தில் இல்லை. நாங்கள் நம்பிக்கொண்டிருந்ததை அவர் எப்போதோ நம்பாமல் விட்டிருக்கிறார்.

மருத்துவமனைத் தாழ்வாரம்

இதற்கிடையில் சென்னையில் ஒரு பெரிய மருத்துவரைப் பார்த்தோம். அவர் என்னையும் என் மகள் சுகந்தியையும் தனியே உட்காரவைத்து விளக்கினார். குழியின் ஈரம் அல்ல. நரம்பு. முதலில் கை, பிறகு தொண்டை, பிறகு மூச்சு. திரும்பி வருவது என்பது கிடையாது.

தாழ்வாரத்தில் சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட நரம்புத் தளர்ச்சின்னு மட்டும் சொல்லும்மா. மீதி வேணாம்."

"கேட்டா?"

"கேக்கமாட்டாரு. நீ மூஞ்சிய மட்டும் சரியா வெச்சுக்கோ."

அவர் கேட்கவில்லை. வண்டி வாலாஜாபாத்தைத் தாண்டும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, வேறு எதையோ பேசுவதுபோல, "சுகந்தியோட புது வூட்டுக்கு எப்ப பால் காச்சறாங்க?" என்றார்.

"தையில."

"தையிலன்னா அஞ்சு மாசம் இருக்குது." விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் மடங்கவில்லை. "அந்தப் பால்கனியில துளசி வெக்கறதுக்கு ஒரு மாடம் வேணும்னு சொன்னா இல்ல? கடையில வாங்க வேணாம்னு சொல்லிடு. நான் பண்ணித் தரேன்."

அன்றிலிருந்து அவருக்கு அந்த மாடம் ஒன்றே வேலை. அடித்தட்டு ஒன்று, சுவர்கள் நான்கு. ஒரு முழ உயரம். கைகள் முற்றிலும் நிற்பதற்குள் அது முடிந்தாக வேண்டும். அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கொட்டகையில் நாங்கள் மூவரும் அதை அறிந்திருந்தோம்.

இழைக்குப் போடும் கஞ்சி

மண்பலகைகளை ஒட்டுவதற்கு எஸ்தர் சொல்லித்தந்த முறை எளிமையானது. ஒட்டவேண்டிய இரண்டு விளிம்புகளையும் முள்ளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறவேண்டும். அதே மண்ணை நீரில் குழைத்த குழம்பைக் கீறலில் பூசவேண்டும். பிறகு அழுத்தவேண்டும்.

கீறுவது அவருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. பழுதில்லாத விளிம்பைப் புண்ணாக்குவது எந்த ஊர் வேலை என்றார். அதைவிட, நடுங்கும் கையில் முள் நிற்கவில்லை. கீறல் விளிம்பைத் தாண்டிச் சுவர் முகத்தில் ஓடியது. அந்த முகத்தில் ஏற்கெனவே சுகந்தியின் கல்யாணச் சேலையிலிருந்து வெட்டியெடுத்த கரைத் துண்டைப் பதித்திருந்தார். அவரே நெய்த கோபுரக் கரை. ஈர மண்ணில் ஜரிகை இழைகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு விழுந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. பயிற்சிக்காகச் செய்த இரண்டு சிறு பெட்டிகளும் காயும்போதே மூலையில் பிளந்துவிட்டன.

இங்கே கஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த புதிதில், விடிந்தும் விடியாத நேரத்தில் பட்டுப் பாவை, அதாவது சேலையின் நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து நீவுவார்கள். இழைக்கு முறுக்கும் பலமும் வர வேண்டும், விறைக்கவும் கூடாது. எங்கள் தெருவில் யார் பாவு நீட்டினாலும் கஞ்சிப் பதம் பார்க்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு வைத்து, மெதுவாகப் பிரித்து, "இன்னும் ஒரு கொதி" என்பார். அல்லது "எடுத்திடு" என்பார். எங்கள் அடுப்பில் இரண்டு கஞ்சிப் பானைகள் உண்டு. ஒன்று குடிப்பதற்கு, ஒன்று இழைக்கு. மாற்றி ஊற்றிய நாளில் என் மாமியார் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

ஆக, ஒட்டவேண்டும், இறுகவேண்டும், ஆனால் கீறக்கூடாது என்றபோது அவருடைய கை எங்கே போகும்?

எஸ்தர் திருமுக்கூடலில் ஒரு கல்யாணத்துக்குப் போய், சாவியை எங்களிடம் கொடுத்திருந்த நாள். வெட்டிய சுவர்கள் நான்கும் ஈரச் சாக்குக்குக் கீழே பதமாக இருந்தன. அவர் காலையிலேயே என்னிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, இழைக் கஞ்சி கொஞ்சம் காச்சேன்."

"எதுக்குங்க?"

"காச்சேன், சொல்றேன்."

காய்ச்சினேன். துணியில் வடிகட்டித் தூக்கில் ஊற்றிக்கொண்டேன். கொட்டகையில் அவர் வாகை இலையளவு தூரிகையால் விளிம்புகளில் கஞ்சியைத் தடவி, சுவரை நிறுத்தி, வெளியே ஈரக் கட்டைவிரலால் நீவினார். நான்கு சுவர்களும் நின்றன. மூலைகள் நூல் பிடித்ததுபோல் இருந்தன. பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிட்டுப் பின்வாங்கிப் பார்த்தார்.

"அவங்க படிப்புல இது இருக்காது," என்றார். "இது நம்ம தொழிலு."

கொட்டகை அலமாரி

எஸ்தரின் கொட்டகையில் ஒரு சிறிய அலமாரி உண்டு. அவர் வேலை செய்யும்போது நான் அதிலிருந்து எதையாவது எடுத்துப் படிப்பது வழக்கம். அன்று மாலை, ஆட்டோவுக்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தில், களிமண் பலகை வேலையைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒட்டுவதைப் பற்றிய பகுதியில் ஒரு வாக்கியம் இருந்தது. மாவுப் பசை எதுவாயினும் பச்சை மண்ணைப் பிடிக்கும். சூளையில் எரிந்து போய்விடும். நெருப்புக்குப் பின் மண்ணை மண் மட்டுமே பிடித்திருக்கும் என்பது அதன் சாரம்.

இரண்டு முறை படித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாசலில் நின்று, யாரோ சைக்கிள்காரரிடம், "மாடம் பண்றேம்பா, பொண்ணு வூட்டுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் மண் இன்னும் ஈரமாகவே இருந்தது. பிரித்து, கீறி, குழம்பு வைத்து மறுபடி ஒட்டியிருக்கலாம். எஸ்தர் வந்து மாடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஐயா, எப்படி ஐயா இவ்ளோ சுத்தமா? கோடே தெரியலையே!"

"அது தொழில் ரகசியம் டீச்சர். ஃபீஸ் கட்டினா சொல்றேன்."

அவள் சிரித்தாள், அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நான்காம் நாள் மண் வெளுக்கத் தொடங்கியது. பத்தாம் நாள் அது முழுவதும் உலர்ந்துவிட்டது. அதன் பிறகு சொல்லியும் பயனில்லை என்ற ஆறுதல் எனக்குக் கிடைத்தது. அப்படியொரு ஆறுதலை நான் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது எழுதும்போது மறைக்க விரும்பவில்லை.

புத்தகம் தவறாக இருக்கலாம்; இவருடைய கஞ்சியின் பதம் வேறாக இருக்கலாம்; சுகந்தி தாழ்வாரத்தில் சொன்னதுபோல, முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும். இப்படிப் பல காரணங்கள் என்னிடம் இருந்தன. பதினான்கு நாட்கள் சேர்த்துவைத்தேன்.

சூளைக் கதவு

மார்கழியில் ஒரு காலை சூளையைத் திறந்தார்கள். ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டிருந்தும் உள்ளேயிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது.

மாடம் நிற்கவில்லை. நான்கு சுவர்களும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, அடித்தட்டைச் சுற்றி மல்லாந்து கிடந்தன. உடையவில்லை. ஒவ்வொரு சுவரும் தனித்தனியே ஒரு விரிசல்கூட இல்லாமல் செம்மையாக வெந்திருந்தது. கோபுரக் கரை இழை இழையாகத் தெரிந்தது. விளிம்புகள் மட்டும், ஒன்றையொன்று தொட்டதே இல்லை என்பதுபோல, மழமழவென்று இருந்தன.

எஸ்தர் ஒரு விளிம்பில் விரலை ஓட்டினாள். "கீறவே இல்லையா ஐயா?"

"கஞ்சி போட்டேன்."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு மெல்ல, "கஞ்சி எரிஞ்சிடும் ஐயா" என்றாள்.

அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு எஸ்தரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

ஆட்டோ ஓரிக்கையைத் தாண்டியதும் கேட்டார்.

"புக்குல போட்டிருந்துதா?"

"எந்தப் புக்குல?"

"நடிக்காத. அந்த ஷெட்டுல நீ படிக்காத புக்கு எது?"

"...போட்டிருந்துது."

"எப்ப படிச்ச?"

"கஞ்சி போட்ட அன்னிக்கு சாயந்தரம்."

தெருமுனையில் ஆட்டோ நின்றது, அவர் இறங்கவில்லை.

"கரையில ரேக்கு போடறப்ப ஒரு இழ தப்பினாக்கூட எதுர்ல நின்னுக்கினு சொல்லுவ. பிரிச்சுப் போடுங்கன்னு கத்துவ. உன் வாய்க்குப் பயந்துக்கினே ஒழுங்கா நெய்ஞ்சேன்." குரல் உயரவில்லை. "கைதாம்மா போச்சு. காது நல்லாத்தான் இருக்குது."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நெசவாளியாக இருந்தவரை அவருடைய பிழையை நான் சொன்னேன். நோயாளியானதும் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்த வித்தியாசத்தை அவர் அன்று கண்டுகொண்டார். மருத்துவர் சொன்ன மீதியையும் அப்போதே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

ஈரச் சாக்கு

தையில் சுகந்தி வீட்டில் பால் காய்ச்சினோம். பால்கனியில் பிளாஸ்டிக் தொட்டியில் துளசி இருந்தது.

அவர் மறுபடி தொடங்கினார். இம்முறை சுவர்களுக்கான மூன்று பலகைகளை அவர் உருட்டினார். நான்காவதற்கு உருளையைப் பிடிக்க முடியவில்லை; எஸ்தர் உருட்டினாள். கத்தியை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ வெட்டு. நான் சொல்றேன்."

வெட்டினேன். "கோணல்," என்றார். மறுபடி வெட்டினேன். "இன்னும் கோணல். படிக்கிற கண்ணு வேற, வெட்டற கண்ணு வேற." எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஒரு மதியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒட்டுவதற்கு முன் அவருக்குச் சளி கட்டி மூச்சு திணறியது. சென்னைக்குக் கொண்டுபோனோம். நான்கு பலகைகளும் கொட்டகையில் ஈரச் சாக்குக்குக் கீழே இருந்தன. எஸ்தர் ஒவ்வொரு நாளும் தண்ணீர் தெளித்துக் காத்தாள். ஐந்து வாரம். மருத்துவமனையில் பேச முடியாமல் போன பிறகும், அவள் தொலைபேசியில் "ஐயா, பலக நல்லாருக்குது, வாங்க" என்று சொன்னதை அவர் காதில் வைத்துக் கேட்கச் செய்தேன். கண்ணை மூடித் திறந்தார்.

அவர் போன பிறகு எஸ்தர் என்னிடம் கேட்டாள். "மேடம், தண்ணி தெளிக்கட்டுமா, வேணாமா?"

"வேணாம்மா."

சுடாத மண் தண்ணீரில் கரைந்துவிடும். அவள் அந்தப் பலகைகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள்.

காரியத்தன்று

பதினாறாம் நாள் காரியத்துக்கு எஸ்தர் வந்திருந்தாள். கூடத்தில், சூளையிலிருந்து எடுத்துவந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அந்த நான்கு செஞ்சுவர்களைப் பார்த்ததும் சுகந்தி அடக்கமுடியாமல் வெடித்தாள்.

"எங்கப்பா கடைசியா பண்ணது இது. அதைக்கூட ஒழுங்கா சுடத் தெரியல உங்களுக்கு. எதுக்குங்க ஊருக்குப் பாடம் எடுக்கறீங்க?"

உறவினர்கள் பார்த்தார்கள். எங்கள் தெருவில், எங்கள் வீட்டில், எஸ்தரைப் போன்ற ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்பது எவ்வளவு எளிது என்பதும், அதற்கு அவள் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும். கஞ்சி என்ற ஒரு சொல் போதும், அவள் மீதிருந்த பழி விலகிவிடும். ஆனால் அது அவர்மேல் விழும். எஸ்தர் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "மன்னிச்சிடுங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

நான் அன்றும் வாய் திறக்கவில்லை.

இரண்டாண்டுகள் ஆகின்றன. இந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பும் முன் சுகந்தியிடம் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா, நீ படிச்சிட்டு சொல்லலன்னு?"

"தெரியும்."

"எஸ்தருக்கு?"

"அது தெரியாது. கஞ்சி மட்டும்தான் தெரியும்."

"அன்னிக்கு நான் அந்தப் பேச்சு பேசறப்ப நீ பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்த?"

"ஆமாம்மா."

மறுமுனையில் குக்கர் சத்தம் கேட்டது. அது அடங்கியதும், "அவங்க நம்பர அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அனுப்பினேன். அழைத்தாளா என்று எனக்குத் தெரியாது. இருவரில் எவரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓரிக்கையில் எஸ்தர் இருக்கிறாள். சென்னையில் என் மகள் இருக்கிறாள். பிள்ளையார்பாளையத்து வீட்டில், ஒட்டாத அந்த நான்கு சுவர்களோடு, நான் இருக்கிறேன்.